நினைவகப் பொருத்தம்: ஒரு வரலாற்று நோக்கு

புதிதாக ஒரு மேசைக் கணினியை உறுப்புறுப்பாக வாங்கிப் பூட்ட முற்படும் ஒருவர், அதன் செயலியைத் தெரிவதற்குப் பல நாள் செலவிடுவார். தாய்ப்பலகையைப் பற்றி அறிந்தவர்களிடம் கேட்டறிவார். கடைத்தெருவில் ‘ராம்’ என வழங்கும் நினைவகப் பலகையைப் பொறுத்தவரை அவர் பெரும்பாலும் அளவையும் விலையையும் மட்டுமே நோக்குவார். கொரியாவில் உருவான சிப்புகளைத் தாங்கித் தாய்வானில் பூட்டப்பட்ட ஒரு பலகை, அமெரிக்காவில் வடிவமைக்கப்பட்ட செயலி ஒன்றுடன் முதல் நாளிலேயே ஒத்தியங்கும் என்பது அவருக்கு இயல்பான காரியமாகவே தோன்றும். ஒன்றையொன்று வீழ்த்த முயலும் போட்டிக் கம்பனிகளின் ஆக்கங்கள் இவ்வாறு தமக்குள் பொருந்துவது உண்மையில் வியப்புக்குரியது.

இப்பொருத்தம் எவ்வாறு உண்டாயிற்று? அதனை உண்டாக்கியோர் யாவர்? அதனால் நன்மை பெற்றோர் யார், இழந்தோர் யார்? இவ்வினாக்களை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நினைவகத்தின் பொருத்தம் என்பது சிலிக்கனில் இயற்கையாய் அமைந்த பண்பு அன்று. அது மனிதர் கூடிப் பேசிச் செய்துகொண்ட உடன்பாட்டின் விளைவு. அவ்வுடன்பாடு வெளிப்படையாக நின்ற காலங்களில் வாங்குவோர் பயன் பெற்றனர். அது மீறப்பட்ட காலங்களில் அதன் செலவையும் அவர்களே சுமந்தனர். இக்கருத்தை மனத்திற் கொண்டு நோக்குவோர்க்கு, இன்று கடையில் நின்று செய்ய வேண்டிய தெரிவும் தெளிவாகும்.

பொருத்தம் என்னும் வினா எழாத காலம்

1948 ஆம் ஆண்டு யூன் 21 ஆம் நாள், இங்கிலாந்தின் மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில், தன்னகத்தே சேமித்து வைத்த நிரலைக் கொண்டு இயங்கிய முதல் இலத்திரனியல் கணினி செயற்பட்டது. வில்லியம்ஸ், கில்பேண் என்போர் அமைத்த அதன் நினைவகம் ஒரு கதோட்டுக் கதிர்க் குழாயாகும். 32 பிற்று கொண்ட 32 சொற்கள், அதாவது 1024 பிற்றுகள் மட்டுமே அதில் அடங்கின. இதன் பின்னர் காந்த வளையங்களாலான நினைவகம் தோன்றிற்று. ஹாவாட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆன் வாங் என்னும் சீன அறிஞர் அத்துறையில் 1949 இல் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தார். மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஜே ஃபொறெஸ்ரர் குழுவினர் 1953 இல் ‘வேள்விண்ட்’ என்னும் கணினியில் வளைய நினைவகத்தை இயக்கிக் காட்டினர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இவ்வகை நினைவகமே கோலோச்சியது.

இக்காலத்து நினைவகங்கள் யாவும் குறித்ததொரு கணினிக்கென அதனை ஆக்கியோராலேயே செய்யப்பட்டவை. ஒரு கணினியின் நினைவகத்தை வேறொரு கணினியில் இடுவது பற்றி யாரும் எண்ணவில்லை. பெருங்கணினிகள் வணிக நிறுவனங்களிற் பரவிய பின்னரே நிலைமை மாறியது. ஐ.பி.எம். கணினிகளை வைத்திருந்தோர் கூடுதல் நினைவகத்தை அதே கம்பனியிடம் அது கேட்ட விலைக்கே பெற வேண்டியிருந்தது. 1970 ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் வேறு கம்பனிகள் அக்கணினிகளுக்குப் பொருந்தும் நினைவகங்களைக் குறைந்த விலைக்கு விற்க முன்வந்தன. பொருத்தம் என்னும் எண்ணம் முதன்முதலில் சந்தையில் தோன்றியது வாங்குவோரின் பேரம் பேசும் ஆற்றலாகவே என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

கால்களின் எண்ணிக்கை

1966 இல் ஐ.பி.எம். ஆய்வாளர் றொபேட் டெனாட், ஒரு திரான்சிற்றரையும் ஒரு கொள்ளளவியையும் மட்டும் கொண்டு ஒரு பிற்றைச் சேமிக்கும் வழியைக் கண்டார்; 1968 இல் அதற்கு ஆக்கவுரிமை கிடைத்தது. கொள்ளளவியிலுள்ள ஏற்றம் விரைவிற் கசிந்துவிடும். எனவே அதனை ஒரு செக்கனுக்குள் பல தடவை புதுப்பித்துக்கொண்டேயிருத்தல் வேண்டும். இக்காரணத்தால் இவ்வகை நினைவகம் இயங்குநிலை நினைவகம் எனப் பெயர் பெற்றது. 1970 இல் இன்ரெல் கம்பனி ‘1103’ என்னும் இயங்குநிலை நினைவகச் சிப்பை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் கொள்ளளவு 1024 பிற்று. மான்செஸ்ரர் கணினியின் முழு நினைவகமும் இருபத்திரண்டே ஆண்டுகளில் விரல் நுனியில் அமரும் ஒரு சிப்பினுள் அடங்கிற்று. வளைய நினைவகத்தின் காலமும் முடிவுறத் தொடங்கிற்று.

அடுத்த தலைமுறையாகிய 4096 பிற்றுச் சிப்பில்தான் பொருத்தம் பற்றிய முதலாவது பெரும் போட்டி எழுந்தது. 4096 இடங்களுள் ஒன்றைச் சுட்டுவதற்கு 12 பிற்று முகவரி வேண்டும். முகவரிப் பிற்று ஒவ்வொன்றிற்கும் ஒரு காலாக 12 கால்களை வைத்தமையால் இன்ரெல், டெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் ஆகியோரின் சிப்புகள் 22 கால்களைக் கொண்டனவாக அமைந்தன. 1973 இல் மொஸ்ரெக் என்னும் கம்பனி இதற்கு மாறான ஒரு வழியைக் கையாண்டது. றொபேட் புறோப்ஸ்ரிங் வடிவமைத்த அதன் சிப்பு, முகவரியை இரு பாதியாகப் பெற்றது: முதலில் வரிசையைக் குறிக்கும் 6 பிற்றுகள், அடுத்து அதே கால்களினூடாக நிரலைக் குறிக்கும் 6 பிற்றுகள். இதனால் 16 கால்களே போதுமாயின. சிப்பு சிறுத்தது, ஒரே பலகையில் கூடுதலான சிப்புகளை நெருக்கிவைக்க முடிந்தது. முகவரியை இரு தவணையாக அனுப்புவதால் வேகம் குறையும் என வாதிட்ட போட்டியாளரும் ஈற்றில் இவ்வொழுங்கையே ஏற்றனர்.

அரை நூற்றாண்டு கழிந்தும் இவ்வொழுங்கின் தடம் அழியவில்லை. இன்று நினைவகப் பலகையின் மேலுறையில் ‘சி.எல்.’ என அச்சிடப்படும் எண், நிரலின் முகவரி கொடுக்கப்பட்டபின் தரவு வெளிவர எத்தனை கடிகாரத் துடிப்புகள் செல்லும் என்பதையே குறிக்கின்றது. வரிசை, நிரல் என்னும் அப்பாகுபாடு மொஸ்ரெக் காலத்துத் தெரிவின் எச்சமாகும்.

பண்டமாகிய நினைவகம்

கால்களின் ஒழுங்கு ஒன்றானதும் ஒரு கம்பனியின் சிப்புக்குப் பதிலாக இன்னொரு கம்பனியின் சிப்பை இடுவது இயல்வதாயிற்று. 1981 இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியின் தாய்ப்பலகையில் நினைவகச் சிப்புகள் ஒன்பது ஒன்பதாக வரிசையிட்டிருந்தன. எட்டுச் சிப்புகள் தரவுக்கும், ஒன்பதாவது பிழையைக் கண்டறிவதற்கும் உரியவை. கூடுதல் நினைவகம் வேண்டுவோர் எந்தக் கம்பனியின் ஒத்த சிப்பையும் வாங்கித் தம் கையாலேயே அழுத்திப் பொருத்தலாம்.

இச்சுதந்திரத்தின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். எவரது சிப்பும் எவரது சிப்புக்கும் ஈடாகும் எனின், விற்போர் போட்டியிடுவதற்கு விலையொன்றே எஞ்சுகின்றது. அரிசி, சீனி போன்று நினைவகமும் சந்தைப் பண்டமாயிற்று. 1980களில் யப்பானியக் கம்பனிகள் தரத்திலும் விலையிலும் முன்னேறின. இயங்குநிலை நினைவகத்தை முதன்முதலில் பெருவாரியாக விற்ற இன்ரெல் கம்பனியே 1985 இல் அத்தொழிலைக் கைவிட்டது. அடுத்த ஆண்டில் அமெரிக்காவும் யப்பானும் குறைகடத்தி வர்த்தகம் பற்றிய உடன்படிக்கையொன்றைச் செய்துகொண்டன. வாங்குவோர்க்கு ஆதாயமாக அமைந்த பொருத்தம், ஆக்குவோர்க்கு இலாபத்தை அரிக்கும் சக்தியாக அமைந்தது. இம்முரண்பாட்டை உணராவிடின் பின்னர் நிகழ்ந்தவற்றை நாம் விளங்கிக்கொள்ள முடியாது. பொது நியமத்தின் நன்மையை அனுபவித்துக்கொண்டே அதிலிருந்து தனக்கென ஒரு சுங்கச்சாவடியை எவ்வாறு அமைப்பது என்பதே அடுத்த இருபது ஆண்டுகளின் பெருவினாவாயிற்று.

வாங் கம்பனியும் நினைவகப் பலகையும்

சிப்புகளைத் தனித்தனியாக அழுத்திப் பொருத்தும்போது கால்கள் வளைந்தன, இடமும் வீணாயிற்று. முற்கூறிய ஆன் வாங் நிறுவிய வாங் லபோரட்டரீஸ் 1983 இல் இதற்கொரு தீர்வு கண்டது. ஒன்பது சிப்புகளை ஒரு சிறு பலகையில் ஒட்டி, அப்பலகையின் விளிம்பிலே 30 தொடுமுனைகளை வைத்து, அதனை ஒரே அசைவில் செருகுவாயில் இருத்தும் முறை அது. ‘சிம்’ என்னும் பெயர் பெற்ற அப்பலகையே இன்றைய நினைவகப் பலகைகள் யாவற்றிற்கும் மூதாதை.

இங்கு ‘ஜெடெக்’ என்னும் அமைப்பைப் பற்றிக் கூறுதல் அவசியமாகின்றது. 1958 இல் அமெரிக்க இலத்திரனியற் கைத்தொழிலாளர் கூட்டாகத் தோற்றுவித்த இச்சபையின் குழுக்களில், போட்டிக் கம்பனிகளின் பொறியியலாளர் ஒரே மேசையில் அமர்ந்து, சிப்புகளின் கால்கள், அளவுகள், வோல்ற்றளவுகள் ஆகியவற்றை வாக்கெடுப்பினால் நியமமாக்குகின்றனர். வாங் கம்பனி தன் பலகையை இச்சபையில் முன்வைத்து நியமமாக்க முயன்றது. 1986 யூனில் அது ஏற்கப்பட்டது. ஆனால் அதே பலகைக்குத் தான் ஆக்கவுரிமை கோரி விண்ணப்பித்திருந்ததை அக்கம்பனி சபைக்கு அறிவிக்கவில்லை. 1987 இல் ஆக்கவுரிமை கிடைத்த பின்னர், அதே பலகையைச் செய்யுமாறு தான் ஊக்குவித்த கம்பனிகளிடமே உரிமைக் கட்டணம் கோரிற்று. மிற்சுபிஷி கம்பனிக்கு எதிரான வழக்கில் 1997 இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்று, வாங்கின் நடத்தையே மிற்சுபிஷிக்குக் கட்டணமற்ற அனுமதியைத் தந்துவிட்டது எனத் தீர்த்தது. பின்வந்த பெரிய பிணக்கொன்றுக்கு இது முன்னோடியாயிற்று.

பலகையின் வளர்ச்சியையும் சுருக்கமாக நோக்குவோம். 30 முனைப் பலகை ஒரு வேளையில் 8 பிற்றுத் தரவையே தந்தது. எனவே 32 பிற்று அகலமுள்ள செயலிக்கு நான்கு பலகைகளை ஒருங்கே இட வேண்டியிருந்தது. 72 முனைப் பலகை 32 பிற்றுகளைத் தந்தது. 64 பிற்று அகலமுள்ள பென்ரியம் செயலிக்கு இரண்டு வேண்டின. அடுத்து வந்த 168 முனை ‘டிம்’ பலகை 64 பிற்றுகளையும் தானே தந்தமையால் ஒன்றே போதுமாயிற்று. 1993 இல் ஜெடெக் நியமமாக்கிய ஒத்தியங்கு நினைவகம், செயலித் தொகுதியின் கடிகாரத்தோடு இணைந்து துடித்தது. அத்துடன், பலகையின் அளவையும் வேகத்தையும் நேர ஒழுங்கையும் பதிந்துவைத்த ஒரு சிறு சிப்பும் பலகையில் இடம்பெறலாயிற்று. கணினி தொடங்கும்போது தாய்ப்பலகை அச்சிப்பை வாசித்துத் தன்னை ஒழுங்கு செய்துகொள்ளும். முன்பு மனிதன் கைந்நூலைப் பார்த்துச் செய்த பொருத்தத்தை இப்போது பலகையே தன் வாயாற் கூறலாயிற்று.

ராம்பஸ் விவகாரம்

1990 இல் மைக் ஃபாம்வோல்ட், மார்க் ஹொறோவிற்ஸ் ஆகியோர் ராம்பஸ் என்னும் கம்பனியை நிறுவினர். இக்கம்பனி சிப்புகளை ஆக்குவதில்லை. வடிவமைப்புகளுக்கு ஆக்கவுரிமை பெற்று, அவற்றைப் பயன்படுத்துவோரிடம் கட்டணம் பெறுவதே அதன் தொழில். செயலிகளின் வேகம் ஆண்டுக்காண்டு ஏற, நினைவகம் பின்தங்குவதை அவர்கள் கண்டனர். 16 பிற்று மட்டுமே அகலமுள்ள, ஆனால் மிக விரைவாக இயங்கும் ஒரு வழித்தடத்தை அதற்குத் தீர்வாக முன்வைத்தனர். 1996 இல் இன்ரெல் கம்பனி அவர்களுடன் உடன்படிக்கை செய்து, அடுத்த தலைமுறைக் கணினிகளை அந்நினைவகத்தின்மேல் அமைக்கத் துணிந்தது.

இம்முடிவின் விளைவு தாய்ப்பலகையில் வெளிப்பட்டது. ‘ரிம்’ எனப்பட்ட ராம்பஸ் பலகைகள் பழைய செருகுவாய்களிற் பொருந்தவில்லை. வெறுமையான செருகுவாயை அப்படியே விடவும் முடியவில்லை. மின்வழி அறாதிருக்க அதில் ஒரு வெற்றுப் பலகையை இட வேண்டியிருந்தது. விலையோ வழக்கமான நினைவகத்தின் விலையைப் போன்று பன்மடங்கு. இன்ரெல்லின் 820 தொகுதி, இடர்ப்பாடுகளால் தாமதித்து 1999 நவம்பரில் வெளிவந்தது. மலிவான பழைய நினைவகத்தையும் அதனுடன் இணைப்பதற்கு இன்ரெல் ஒரு மொழிமாற்றுச் சிப்பை ஆக்கியது. அச்சிப்பிற் குறை காணப்படவே, 2000 மே மாதத்தில் பத்து இலட்சத்தை அண்மித்த தாய்ப்பலகைகளை மீளப் பெற நேர்ந்தது. இரு நியமங்களுக்கிடையே பின்னர் பாலம் அமைப்பது எத்துணை கடினம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இதற்கிடையில் ஜெடெக் மேசையில் வேறொரு தீர்வு உருவாகியிருந்தது. கடிகாரத் துடிப்பின் ஏறுமுகத்திலும் இறங்குமுகத்திலும் தரவை அனுப்பி, ஒரே துடிப்பில் இரு மடங்கு பெறும் அம்முறையே ‘டி.டி.ஆர்.’ ஆகும். அதன் நியமம் 2000 யூனில் வெளியாயிற்று. செக்கனுக்கு 1.6 கிகாபைற்று தந்த ராம்பஸ் பலகைக்கு எதிராக, 266 என்னும் தரத்து டி.டி.ஆர். பலகை 2.1 கிகாபைற்றைக் குறைந்த விலையில் தந்தது. ஏ.எம்.டி. கம்பனியும் தாய்வானின் வியா கம்பனியும் அதன் பக்கம் நின்றன. 2002 அளவில் இன்ரெல்லும் பென்ரியம் 4 செயலிக்கு டி.டி.ஆர். நினைவகத்தை ஏற்றது. சந்தையில் ராம்பஸ் பலகை தோற்றது.

ஆயினும் நீதிமன்றுகளில் ராம்பஸ் தோற்கவில்லை. 1990 களின் முற்பகுதியில் ஜெடெக் கூட்டங்களில் உறுப்பினராய் அமர்ந்து 1996 இல் விலகிய அக்கம்பனி, பொது நியமத்தில் இடம்பெற்ற சில உத்திகள் தன் ஆக்கவுரிமைக்கு உட்பட்டவை எனக் கூறி, 2000 ஆம் ஆண்டு முதல் நினைவக ஆக்குநரிடம் கட்டணம் கோரலாயிற்று. சிலர் இணங்கினர், ஜேர்மனியின் இன்ஃபினியன் எதிர்த்து நின்றது. 2001 இல் யூரியினர் ராம்பஸ் மோசடி செய்தது எனக் கண்டனர். 2003 இல் மேன்முறையீட்டு நீதிமன்று அத்தீர்ப்பை மாற்றியது. எதனை, எப்போது வெளிப்படுத்த வேண்டும் என்பதில் ஜெடெக் விதிகளே தெளிவற்றவை என அது சுட்டிக்காட்டிற்று. அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2006 இல் ராம்பஸ்சைக் குற்றங்கண்டது. 2008 இல் இன்னொரு மேன்முறையீட்டு நீதிமன்று அம்முடிவையும் நீக்கியது. உடன்பாட்டை நல்லெண்ணத்தின் மேல் மட்டும் எழுப்புதல் போதாது. அதன் விதிகளைத் தெளிவாக எழுதி வைத்தலும் வேண்டும் என்பதே இவ்வழக்குகள் தரும் படிப்பினை.

மறைவான இணக்கம்

இவ்விடத்து ஓர் ஐயம் எழலாம். போட்டியாளர் கூடியமர்ந்து உடன்பாடு செய்வது எப்போதும் நன்மையே பயக்குமா? நினைவகத்தின் வரலாறே இதற்கும் விடை தருகின்றது. அதே ஆண்டுகளில், 1990 களின் இறுதி முதல் 2002 வரை, முன்னணி நினைவக ஆக்குநர் சிலர் விலைகளைத் தமக்குள் மறைவாகப் பேசி நிர்ணயித்தனர். அமெரிக்க நீதித் திணைக்களத்தின் விசாரணையில் இன்ஃபினியன், ஹைனிக்ஸ், சாம்சங், எல்பிடா ஆகியன குற்றத்தை ஒப்புக்கொண்டன. 2005 இல் சாம்சங் மீது மட்டும் 30 கோடி டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. 2010 இல் ஐரோப்பிய ஆணைக்குழுவும் ஆக்குநர்கள் மீது 33 கோடி யூரோவுக்கு மேற்பட்ட தண்டம் விதித்தது.

எனவே இணக்கம் இருவகைப்படும். பொருளின் வடிவம் பற்றி ஊரறியச் செய்யும் இணக்கம் ஒன்று. அதன் நியமம் அச்சிடப்படுகின்றது, எவரும் அதன்படி ஆக்கலாம், வாங்குவோரின் தெரிவு விரிகின்றது. விலை பற்றி மறைவிற் செய்யும் இணக்கம் மற்றொன்று. அது தெரிவின் பயனையே பறித்துவிடுகின்றது. பொருத்தத்தினால் விலை வீழ்ச்சியைக் கண்ட ஆக்குநரே மறைவான இணக்கத்தை நாடினர் என்பது கவனித்தற்குரியது. ஒன்றன் வெற்றியே மற்றதற்குத் தூண்டுதலாயிற்று. இன்று உலகின் இயங்குநிலை நினைவகத்திற் பெரும்பகுதி சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரோன் என்னும் மூன்று கம்பனிகளாலேயே ஆக்கப்படுகின்றது. 2025 இல் செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களின் கேள்வி பெருகியபோது நினைவக விலைகள் கடுமையாக ஏறின. அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரோன் ‘குறுஷல்’ என்னும் பெயரில் நடத்திய நுகர்வோர் வணிகத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. இதில் மறைவான இணக்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பொருத்தம் இருந்தும் விற்போர் சிலராயின் வாங்குவோரின் சுதந்திரம் குறுகும் என்பதே இது உணர்த்துவது. நினைவகச் சிப்பு எதனையும் ஆக்காது, யாவற்றையும் இறக்குமதி செய்யும் நம் நாடு போன்றவற்றில் இவ்விலையேற்றம் மாணவரின் பணப்பையில் நேராகவே உணரப்படும்.

இன்றைய தெரிவு

இதுவரை கூறிய வரலாற்றின் அடிப்படையில், புதிய மேசைக் கணினிக்கு நினைவகம் தெரிவோர் வரிசையாக நோக்க வேண்டியவற்றைக் காண்போம்.

முதலாவது தலைமுறை. டி.டி.ஆர். 2 நியமம் 2003 இலும், 3 ஆவது 2007 இலும், 4 ஆவது 2012 இலும், 5 ஆவது 2020 இலும் வெளிவந்தன. அவற்றின் வோல்ற்றளவு 2.5 இலிருந்து முறையே 1.8, 1.5, 1.2, 1.1 எனக் குறைந்து வந்துள்ளது. ஒன்றின் பலகை மற்றதன் செருகுவாயிற் புகாதவாறு விளிம்பிலுள்ள வெட்டு இடம் மாற்றி வைக்கப்பட்டுள்ளது. 4 ஆவதும் 5 ஆவதும் 288 முனைகளையே கொண்டிருப்பினும் வெட்டு வேறிடத்தது. அவ்வெட்டு ஒரு காவற்காரன். அதனை வலிந்து மீற முயல்வோர் பலகையையும் செருகுவாயையும் ஒருங்கே இழப்பர். முன்னர் நினைவகத்தை ஆளும் சுற்று தாய்ப்பலகையில் இருந்தது. 2003 இல் ஏ.எம்.டி.யும் 2008 இல் இன்ரெல்லும் அதனைச் செயலியினுள்ளேயே வைத்தன. எனவே தலைமுறையைச் செயலியும் தாய்ப்பலகையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. ஏ.எம்.டி.யின் ஏ.எம். 4 சொக்கெற்றுக்கு டி.டி.ஆர். 4, 2022 இல் வந்த ஏ.எம். 5 சொக்கெற்றுக்கு டி.டி.ஆர். 5 மட்டுமே. இன்ரெல்லின் 12, 13, 14 ஆம் தலைமுறை மேசைச் செயலிகள் இரண்டையும் ஏற்பன. ஆயினும் தாய்ப்பலகை பொதுவாக ஒன்றுக்கெனவே அமைந்திருக்கும். ஆகையால் செயலியின் பெயரை மட்டும் கூறி நினைவகம் வாங்குதல் கூடாது. தாய்ப்பலகையின் முழுப் பெயரையும் குறித்துச் செல்லல் வேண்டும்.

இரண்டாவது வகை. மடிக்கணினிக்குரிய குறும்பலகை மேசைக் கணினிக்கு ஆகாது. வழங்கிக் கணினிகளிலிருந்து கழற்றி மலிவாக விற்கப்படும் பலகைகள் பல, முகவரிச் சைகைகளை இடைநின்று தாங்கி அனுப்பும் பதிவகச் சிப்பைக் கொண்டவை. டி.டி.ஆர். 4 இல் இவை மேசைக் கணினியின் செருகுவாயில் ஒழுங்காகவே அமரும். ஆயினும் வழக்கமான மேசைத் தாய்ப்பலகை இவற்றுடன் இயங்காது. வெட்டு ஒத்திருத்தல் மட்டும் பொருத்தமாகாது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு. மலிவு கண்டு மயங்குவோர் பலகையின் ஒட்டுச்சீட்டை முதலில் வாசித்தல் நன்று.

மூன்றாவது வேகம். டி.டி.ஆர். 5-6000 எனின் ஒவ்வொரு தரவுக் கம்பியிலும் செக்கனுக்கு 600 கோடி மாற்றங்கள் என்பது பொருள். இவ்வெண் ஜெடெக் நியமப்படி பலகை இயல்பாகத் தொடங்கும் வேகமன்று. அது ஆக்குநர் சோதித்து, வோல்ற்றளவை ஏற்றி, சிறு சிப்பில் தனியாகப் பதிந்துவைத்த வேகம். 2007 முதல் இன்ரெல்லின் எக்ஸ்.எம்.பி. என்னும் பதிவும், 2022 முதல் ஏ.எம்.டி.யின் எக்ஸ்போ என்னும் பதிவும் இதற்குரியன. தாய்ப்பலகையின் தொடக்க அமைப்பிற் சென்று அதனை இயக்காவிடின் பலகை குறைந்த நியம வேகத்திலேயே ஓடும். இயக்கியபின் கணினி தடுமாறின் அது பொது நியமத்தின் எல்லைக்கு அப்பாற்பட்ட காரியம். எனவே தாய்ப்பலகை ஆக்குநர் தாம் சோதித்த நினைவகங்களைப் பட்டியலிட்டு வெளியிடும் ஏட்டைப் பார்த்தல் வேண்டும். வேகத்துடன் சி.எல். எண்ணையும் சேர்த்தே எடைபோட வேண்டும். சி.எல். எண்ணை 2000 ஆற் பெருக்கி வேக எண்ணால் வகுப்பின் காத்திருக்கும் நேரம் நனோசெக்கனிற் கிடைக்கும். டி.டி.ஆர். 400 இல் சி.எல். 2, டி.டி.ஆர். 4-3200 இல் சி.எல். 16, டி.டி.ஆர். 5-6000 இல் சி.எல். 30 ஆகிய மூன்றும் தருவது ஒரே விடை: 10 நனோசெக்கன். இரு தசாப்தங்களில் தரவு பாயும் அளவு பதினைந்து மடங்கு பெருகியது. முதற் சொல்லுக்காகக் காத்திருக்கும் நேரமோ ஏறத்தாழ அப்படியே நிற்கின்றது. பெரிய எண்ணுக்காக மட்டும் பெரும் பணம் கொடுக்க எண்ணுவோர் இதனைச் சிந்தித்தல் தகும்.

நான்காவது எண்ணிக்கை. இன்றைய மேசைச் செயலிகள் நினைவகத்தை இரு வழித்தடங்களில் அணுகுவதால், ஒரே பொதியில் விற்கப்படும் இணையான இரு பலகைகளே சிறந்தன. கைந்நூல் காட்டும் செருகுவாய்களில் அவற்றை இடல் வேண்டும். நான்கு பலகைகளை இட்டால் மின்சுமை கூடி வேகம் குறையும். ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 செயலிகளுக்கு இரு பலகைகளில் 5200 என அறிவிக்கப்பட்ட வேகம், நான்கு பலகைகளில் 3600 ஆகக் குறைகின்றது. ஆகவே எதிர்காலத்தில் மேலும் இரண்டை வாங்கிச் சேர்க்கலாம் எனச் சிறிய பலகைகளுடன் தொடங்குவதிலும், தேவையை மதிப்பிட்டு இரண்டையே போதிய அளவில் வாங்குவது உத்தமம். வெவ்வேறு காலத்தில் வாங்கிய பலகைகள் ஒத்தியங்கலாம்; ஆயினும் அதற்கு எவரும் உத்தரவாதம் தருவதில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, நினைவகப் பலகையின் ஒவ்வோர் அம்சமும் ஒரு வரலாற்று முடிவின் பதிவு என்பது புலனாகும். வரிசையும் நிரலும் மொஸ்ரெக் கம்பனியின் துணிவைக் காட்டுகின்றன. பலகை வடிவம் வாங் கம்பனியின் அறிவையும் அதன் மறைப்பையும் ஒருங்கே நினைவூட்டுகின்றது. டி.டி.ஆர். என்னும் பெயர், ஒரு பெருங்கம்பனியின் விருப்பத்திலும் பலர் கூடிச் செய்த நியமம் வலிது என்பதற்குச் சான்றாக நிற்கின்றது. எக்ஸ்.எம்.பி., எக்ஸ்போ என்பன அந்நியமத்தின் எல்லை எங்கு முடிகின்றது என்பதைக் காட்டும் எல்லைக் கற்கள்.

தொழினுட்பத்தை ஆக்குவோரின் மேதைமையாக மட்டும் கற்பிப்பது நம் கல்வியில் வேரூன்றிய வழக்கம். கண்டுபிடித்தோரின் பெயர்களை நாம் மனனம் செய்கின்றோம். கண்டவற்றைப் பொதுவாக்கிய குழுக்களையும் வாக்கெடுப்புகளையும் வழக்குகளையும் படிப்பதில்லை. ஆனால் ஒரு சாதாரண மாணவன் தன் சிறு பணத்துக்கு ஒரு நல்ல கணினியைப் பூட்டிக்கொள்ள முடிவது, டெனாட்டின் அறிவினால் எவ்வளவு சாத்தியமாயிற்றோ அவ்வளவுக்கு அந்தப் பொது மேசையினாலும் சாத்தியமாயிற்று. அம்மேசையில் எழுதப்படும் விதிகள் தெளிவாக இருத்தலும், அதனைச் சூழ அமர்வோர் பலராக இருத்தலும் பொறியியலாளருக்கு மட்டும் உரிய கவலைகள் அல்ல. விலை கொடுத்து வாங்கும் ஒவ்வொருவரது நலனும் அவற்றில் தங்கியுள்ளது.